மேட்டா கிளாஸியா, அண்ணி?

மே 6

அண்ணிக்கு,

"அன்புள்ள" என்று ஆரம்பித்தேன், அடித்துவிட்டேன். படித்தால் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரும். "நலம், நலமறிய ஆவல்" என்பதும் வேண்டாம். நீங்கள் நலமாகத்தான் இருக்கிறீர்கள், உங்கள் அக்கா வீட்டில் உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வருகிறது என்று அண்ணன் சொன்னான். அவன் வாயிலிருந்து பிடுங்க முடிந்தது அவ்வளவுதான். நீங்கள் சொன்னதை என்னிடமும் நான் சொன்னதை உங்களிடமும் கொண்டுபோய்ச் சேர்த்து, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டதில் அவனுக்கு ஞானம் பிறந்துவிட்டது. "மருந்துக் கம்பெனி வேலையா வாரம் ஒருக்கா அந்த ஊருக்குப் போறேன். காகிதம்னா கொண்டு போறேன். வாயால ஒரு வார்த்தை சுமக்க மாட்டேன். எழுதி, ஒட்டிக் குடு" என்றான். என் நம்பரை நீங்கள் தடுத்து வைத்திருப்பதால் எனக்கும் வேறு வழி இல்லை.

விஷயம் இதுதான். கடைக்குப் புது லேப்டாப் வாங்க வேண்டும். பழையது என்ன ஆயிற்று என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண ஆல்பம் பார்க்க வந்த மூன்று பெண்கள் உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க, பேனாவை உள்ளே வைத்தபடியே மூடியை ஓங்கிச் சாத்திவிட்டு எழுந்து போனீர்கள். அங்கிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு. அவர்களில் அந்த ஒப்பந்தக்காரர் மனைவி "ஆல்பம் இருட்டா இருக்கே" என்று ஒரு வார்த்தை சொன்னதற்கா இவ்வளவு ரோஷம்? குறை சொன்னால் தாங்க முடியாதவர்கள் அடுத்தவர் முகத்துக்கு டச்சப் செய்கிற தொழிலுக்கே வரக்கூடாது. திரையில் குறுக்கே விரிசல். இப்போது திறந்தால் பாதிப் படம், பாதி கறுப்பு.

லேப்டாப் கடைக்குப் போனேன். அங்கே இருந்த ஆள், "திரை மேட் வேணுமா, கிளாஸி வேணுமா மேடம்?" என்றான். "வேலை செய்யறவங்க எங்க அண்ணி. நான் வாய் மட்டும்தான்" என்றேன். "அப்ப அவங்கள கூட்டிட்டு வாங்க" என்றான். நல்ல ஆள்.

என்னைக் கேட்டால் கிளாஸி. பழையதும் கிளாஸிதானே. பின்னால் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குப் படம் நகைக்கடை ஜன்னல் மாதிரி ஜொலிக்க வேண்டும். அப்போதுதான் அவர்களுக்குத் தங்கள் வீட்டுக் கல்யாணத்தின் மேலேயே ஒரு மரியாதை வரும். மேட்டையும் பார்த்தேன். வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் குளியலறைக் கண்ணாடி எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது; துடைக்கலாமா என்று கை போகிறது. மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று பழமொழி எழுதி அனுப்பிவிடாதீர்கள். எனக்கும் தெரியும்.

உங்கள் நாற்காலி அங்கேயேதான் இருக்கிறது. சுழல் நாற்காலி என்று பெயர், திருகு துருப்பிடித்து எத்தனையோ வருடம் ஆயிற்று. எண்ணெய் போடவா என்று கேட்டால் "எனக்கு எதுக்குத் திரும்பணும்?" என்று சொன்ன மகாராணி நீங்கள். அதன் முதுகில் உங்கள் கறுப்புச் சட்டையும் தொங்குகிறது. வருகிறவர்கள் "யாரு தவறிட்டாங்க?" என்று விசாரிக்கிறார்கள். நான் வழக்கம்போல அந்த "முன் – பின்" பலகைக்குக் கீழே நின்று எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மேட்டா, கிளாஸியா? ஒரு வார்த்தை போதும்.

உங்கள் நாத்தனார்


மே 7

பொடிசுக்கு,

மேட்.

ஒரு வார்த்தை போதும் என்றாய், இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் "நகைக்கடை ஜன்னல்" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று விட்டுவிடலாம். ஒன்பது வருடம் ஒரே கடையில் என்னோடு நின்ற கழுதை என்பதால் எழுதுகிறேன்.

கிளாஸி என்பது வேறொன்றும் இல்லை, கண்ணாடி. எதிரே என்ன இருக்கிறதோ அதையெல்லாம் வாரிப் படத்தின் மேல் போட்டுக் காட்டும். டியூப் லைட், வாசல், தெருவில் போகிற வண்டி, என் சட்டைக் காலர் எல்லாம் மணப்பெண்ணின் நெற்றியில் வந்து உட்காரும். நான் வெளிர் நிறத்தில் எதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாலும் அது திரையில் விழுந்து நிறத்தைக் கெடுக்கும். அதற்குத்தான் கறுப்புச் சட்டை. நீ அதை வைத்து வாடிக்கையாளர்களிடம், "எங்க அண்ணி எதுக்கோ துக்கம் காக்கறாங்க" என்று சொல்லிச் சிரிக்க வைத்தாய். நான் கேட்காதது போல இருந்தேன். கறுப்புச் சட்டை காதை மூடாது, பொடிசு.

ஆல்பம் இருட்டானதற்கும் காரணம் கேட்டுக்கொள். நம் கடைக்கு மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. மதியத்துக்கு மேல் வெயில் நேராக வந்து திரையில் விழும். அந்த வெளிச்சத்தில் படத்தில் இருக்கிற கறுப்பெல்லாம் வெளிறிச் சாம்பலாகத் தெரியும். மாப்பிள்ளையின் கோட்டு கறுப்பாகத் தெரிகிறவரை நான் கறுப்பைக் கூட்டிக்கொண்டே போவேன். பிரிண்ட் போட்டால் கோட்டும் தலையும் பின்னால் இருக்கிற சுவரும் ஒன்றாகிவிடும். படுதா மாட்டச் சொல்லி எத்தனை தடவை கேட்டேன்? "படுதா போட்டா கடை மூடியிருக்குன்னு நினைச்சுப் போயிடுவாங்க அண்ணி. உள்ள ஆள் இருக்கறது தெரியணும்" என்றாய். உள்ளே ஆள் என்றால் நீ. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று உன் வாய் இப்போது முணுமுணுக்கும். கூடம் கோணல்தான், அதைக் கோணலாக்கியது நீதான்.

இனி இதெல்லாம் உன் பாடு. இங்கே ஒரு பெரிய ஸ்டுடியோவில் ஜூன் முதல் தேதி சேரச் சொல்லியிருக்கிறார்கள். ஜன்னல் இல்லாத அறை, சாம்பல் நிறச் சுவர், மேட் திரை. வேலை செய்கிறவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது என்று கதவில் எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். படித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன் அண்ணனுக்கு எந்த ஊரானாலும் ஒன்றுதான், அவருக்குப் பாதி வாழ்க்கை பஸ்ஸில். நீ வேறு ஆள் பார்த்துக்கொள்.

அண்ணி


மே 13

அண்ணிக்கு,

பார்த்துக்கொண்டேன். நீங்கள் இல்லாவிட்டால் கடையில் விளக்கு எரியாது என்று நினைத்தீர்களா? ஒருவர் வந்திருக்கிறார். கழுத்தில் கேமராப் பட்டை, கண்ணில் பச்சைக் கண்ணாடி, பேச்சில் பாதிக்கு மேல் ஆங்கிலம். சொந்த லேப்டாப்போடு வந்தார். அதுவும் உங்கள் மனதுக்குப் பிடித்த மேட்.

ஒப்பந்தக்காரர் வீட்டு ஆல்பத்தை முதலிலிருந்து அவரிடம் கொடுத்தேன். மேட்டில் படம் எல்லாம் சோம்பலாகத் தெரிகிறது என்று வெளிச்சத்தை ஏற்று ஏற்று என்று ஏற்றினார். பிரிண்ட் வந்தது. ஒப்பந்தக்காரர் மனைவி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். "முதல்ல இருட்டறையில கல்யாணம் பண்ணி வச்சீங்க. இப்ப மாவு மில்லுல பண்ணி வச்சிருக்கீங்களா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். ஆகவே அண்ணி, உங்கள் மேட் சத்தியசந்தன் இல்லை. அதுவும் அதன் பங்குக்குப் புளுகுகிறது. கிளாஸி சிரித்துக்கொண்டே புளுகும், மேட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு புளுகும். யாரைப் போல என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு வேடிக்கை. அந்த நிபுணர் வேலை செய்யும்போது பின்னால் யார் வந்து நின்றாலும் அவருக்குத் தெரிவதில்லை. மேட்டில்தான் ஒன்றும் விழாதே. நேற்று ஒரு குடும்பமே பின்னால் நிற்க, மனிதர் நிம்மதியாகக் காதைக் குடைந்துகொண்டிருந்தார். உங்களுக்கு அப்படி ஒரு நிலைமை வந்ததே இல்லை. கிளாஸி இருந்ததால் உங்களுக்குப் பின்னாலும் கண் இருந்தது.

அதனால்தான் கேட்கிறேன், கிளாஸி மேல் உங்களுக்கு என்ன அவ்வளவு பகை? வெயில், படுதா, காலர் என்று நீங்கள் சொல்வதை எல்லாம் அந்த நிபுணரும் சொல்கிறார். ஆனால் அதற்காக யாரும் லேப்டாப்பை உடைத்துவிட்டு ஊரைவிட்டுப் போவதில்லை. எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. கறுப்புச் சட்டை போட்டால் சட்டைதான் மறையும், முகம் மறையாது. உங்கள் முகத்தைப் பார்க்க உங்களுக்கே பிடிக்கவில்லை என்றால் அதற்குத் திரை என்ன செய்யும், நான் என்ன செய்வேன்?

பெரிய ஸ்டுடியோவுக்கு என் வாழ்த்துகள். கதவில் ஒட்டியிருப்பதைப் படித்து நிஜமாகவே அழுதீர்களா என்று அண்ணனிடம் கேட்டேன். காகிதத்தை நீட்டு என்று கையைக் காட்டினான்.

நாத்தனார்


மே 14

பொடிசுக்கு,

என் முகத்தைப் பற்றி எழுதிவிட்டாய். நல்லது. இனி எனக்கும் கூச்சம் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது தண்ணீர் வாயின் இடது பக்கம் வழிந்ததே, நினைவிருக்கிறதா? நீதான் முதலில் பார்த்தாய். "அண்ணி, வாய் ஒரு பக்கமா இறங்கியிருக்கு" என்று கத்தினாய். மருந்து, பயிற்சி எல்லாம் ஆகி, நரம்பு முக்கால்வாசி மீண்டது. சும்மா இருக்கும்போது தெரியாது. ஒரு வேலையில் கவனம் போனால் உதடு இடப்பக்கம் இழுத்துக்கொள்ளும், ஒரு கண் சுருங்கும். இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கோ நாள் முழுக்கக் கவனம்தான் வேலை. ஊரார் மூஞ்சியை எல்லாம் இரண்டு பக்கமும் சமமாக்கிக் கொடுத்துக்கொண்டே என் மூஞ்சி கோணிக்கொண்டிருக்கும்.

என்னைப் பார்க்க எனக்குப் பிடிக்காது என்பது பொய். முதல் வாரம் பிடிக்கவில்லை. பிறகு பழகிவிட்டது. மேசை விளக்கைத் தாழ்த்தி வைத்தேன், கறுப்புச் சட்டையைப் போட்டேன், நான் திரையிலிருந்து போய்விட்டேன். ஆனால் எனக்குப் பின்னால் ஒருத்தி மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு நின்றாள்.

கிளாஸியில் வெளுத்த இடங்களில் எதுவும் தெரியாது. கறுத்த இடம் வந்தால் அது முகம் பார்க்கிற கண்ணாடிதான். மாப்பிள்ளையின் கோட்டு, பெண்ணின் கூந்தல், இரவு வானம் இதில் எதைப் பெரிதாக்கினாலும் அதற்குள் நீ நிற்பாய். வாடிக்கையாளர்களுக்குப் பக்கத்தில் நின்று, உதட்டை இடப்பக்கம் இழுத்து, ஒரு கண்ணைச் சுருக்கி, காற்றில் பேனா பிடித்துக்கொண்டு என்னைப் போலவே குனிவாய். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள். முதல் தடவை உனக்குப் பல்வலி என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். சாயங்காலம் கிராம்புத் தைலம் வாங்கிக் கொடுத்தேன், நீயும் வாங்கிக்கொண்டாய்.

அன்றைக்கு அந்த மூன்று பெண்கள் வந்தபோது நான் பெரிதாக்கி வைத்திருந்தது மாப்பிள்ளையின் கோட்டு. இருப்பதிலேயே கறுப்பான படம். அதற்குள் நீ என் வாயை வைத்துக்கொண்டு நின்றாய். ஒப்பந்தக்காரர் மனைவி ரசித்துத் தலையாட்டினாள். நான் மூடியைச் சாத்தினேன். பேனா உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது.

ஆல்பம் இருட்டு என்று சொன்னதற்கு எனக்கு ரோஷம் வரவில்லை. அது இருட்டுதான், எனக்கே தெரியும். இப்போது புரிகிறதா எதற்கு மேட் என்று? உன் மூஞ்சி விழாத ஒரு திரை எனக்கு வேண்டும். இங்கே இருக்கிறது.

அண்ணி


மே 20

அண்ணிக்கு,

இதற்கு முன்னால் இரண்டு பதில் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் நான் அப்படிச் செய்யவே இல்லை என்று எழுதியிருந்தேன். இரண்டாவதில் சும்மா விளையாட்டுக்கு என்று எழுதியிருந்தேன். இரண்டையும் படித்துப் பார்த்தேன், இரண்டும் பொய்.

செய்தேன். நீங்கள் பார்க்கிறீர்கள் என்று தெரிந்துதான் செய்தேன்.

உங்களுக்கு மட்டும்தான் கண்ணாடி தெரியும் என்று நினைப்பு. அந்தக் கோட்டுக்குள் உங்களுக்கு நான் தெரிந்தால் எனக்கும் நீங்கள் தெரிவீர்கள். பேனா நிற்கும். உங்கள் கண் மெதுவாக மேலே வந்து என் மேல் நிற்கும். நானும் உங்களையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன். இதோ திரும்பப் போகிறாள், "என்னடி பண்றே?" என்று கேட்கப் போகிறாள், ஒன்று கொடுக்கப் போகிறாள் என்று காத்திருப்பேன். நீங்கள் என்ன செய்வீர்கள் தெரியுமா? மேசையிலிருந்து அந்தத் துடைக்கிற துணியை எடுத்து, என் முகம் தெரிகிற இடத்தில் திரையைத் துடைப்பீர்கள். பிறகு வேலையைப் பார்ப்பீர்கள். ஈ எச்சம் போட்டால் கூட அதைவிடக் கொஞ்சம் கோபத்தோடு துடைப்பார்கள். அடுத்த தடவை நான் இன்னும் நன்றாகச் செய்வேன்.

நான் ஏன் ஆரம்பித்தேன் என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. சொல்கிறேன். தலையைத் தூக்கிப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன், நீங்கள்தான் கடையில் இல்லையே. "முன் – பின்" பலகை. கடை ஆரம்பித்த மறு வருடம், "ஒரு சோதனைக்கு உன் படம் ஒண்ணு வேணும் பொடிசு" என்று கேட்டு எடுத்தீர்கள். சந்தோஷமாக நின்றேன். ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால் சுவரில் ஆள் உயரத்துக்கு இரண்டு படம். "முன்" என்று என் முகம். "பின்" என்று மூக்கைச் சீவி, மருவை எடுத்து, தாடையை வெட்டி, நிறத்தை வெளுக்க வைத்த யாரோ ஒருத்தி. என்னைக் கேட்டீர்களா? கேட்கவில்லை. ஆணி அடித்து மாட்டினீர்கள்.

எட்டு வருடமாக நான் அதற்குக் கீழே நிற்கிறேன். வருகிற ஒவ்வொருத்தரும் பலகையைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், மறுபடியும் பலகையைப் பார்ப்பார்கள். "பின்னாடி இருக்கறது உங்க தங்கச்சியா?" என்று கேட்டவர்கள் நல்லவர்கள். என்னைக் கட்டிக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஓர் ஆள் ஒருநாள் கடைக்கு வந்தான், நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அவன் "பின்" படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முயற்சி பண்ணா இப்படி ஆகலாம் இல்ல?" என்றான். அத்தோடு அவனை அனுப்பிவிட்டேன். அவன் ஏன் பிறகு வரவில்லை என்று நீங்கள் கேட்டதே இல்லை.

நான் உங்கள் வாயைக் காற்றில் ஒரு நொடி கோணலாக்கினேன். நீங்கள் என் முகம் முழுக்கக் கோணல் என்று சுவரில் எழுதி வைத்தீர்கள். இரண்டில் எது மேட், எது கிளாஸி என்று உங்கள் பெரிய ஸ்டுடியோவில் கேட்டுச் சொல்லுங்கள்.

பலகை இன்னும் தொங்குகிறது. நான் கழற்ற மாட்டேன். மாட்டியவர் கழற்றட்டும்.

நாத்தனார்


மே 21

பொடிசுக்கு,

அந்தப் பலகை கடைக்கு வாடிக்கையைக் கொண்டுவந்தது, அதற்காகத்தான் மாட்டினேன் என்று எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. வாடிக்கைக்காக என்றால் உன் அண்ணன் முகம் வீட்டிலேயே இருந்தது. உன் மூக்கு அவர் மூக்கிலிருந்து கடன் வாங்கியதுதானே, அவருடையது இன்னும் பெரிது. அவரை எடுத்திருக்கலாம். உன்னை எடுத்தேன்.

ஏன் என்று உன் கடிதம் வந்த நேரத்திலிருந்து யோசிக்கிறேன். நீ கடைக்குள் நுழைந்தால் எல்லோரும் உன் பக்கம் திரும்புவார்கள். பெரிய மூக்கும் மருவுமாக வந்து நிற்பாய், ஐந்து நிமிடத்தில் கடையே சிரிக்கும். வேலை முழுக்கச் செய்கிறவள் நான், அவர்களுக்கு என் முதுகு மட்டும்தான் தெரியும். எனக்குப் பொறாமை. அவ்வளவுதான், இதற்கு மேல் இதில் நாகரிகமாக எழுத ஒன்றும் இல்லை. உன் மூக்கைச் சீவும்போது கை அவ்வளவு சுகமாக ஓடியது.

துணியால் துடைத்ததும் உண்மை. திரும்பியிருக்க வேண்டும் என்கிறாய். திரும்பினால் நேரில் பார்க்க வேண்டும். கண்ணாடிக்குள் நீ செய்கிறவரை, அது கண்ணாடிக்குள் நடக்கிற விஷயம் என்று வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் ஒரே பஸ்ஸில் உன்னோடு வீட்டுக்குப் போகலாம், சோறு போடலாம். திரும்பிவிட்டால் அதெல்லாம் முடியாது. உன்னை ஈ எச்சமாக நினைத்துத் துடைக்கவில்லை. எனக்குப் பயம், அதனால் துடைத்தேன்.

இதைப் படித்துவிட்டு நான் இளகிவிட்டேன் என்று நினைக்காதே. கிராம்புத் தைலத்தை வாங்கிக்கொண்டாயே, அதை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. முதல் தேதி இங்கே சேர்கிறேன். லேப்டாப்பை உன் இஷ்டத்துக்கு வாங்கு.

அண்ணி


மே 27

அண்ணிக்கு,

கிராம்புத் தைலம் நல்ல தைலம். உங்கள் கையால் வாங்கிக் கொடுத்தது என்பதால் பல் வலிக்காமலே இரண்டு நாள் தடவினேன். எரிந்தது.

லேப்டாப் கடைக்கு மறுபடி போனேன். மேட் ஒன்றையும் கிளாஸி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். இரண்டிலும் ஒரே கறுப்புக் கோட்டுப் படம். அந்த ஆளிடம், "எனக்குப் பின்னாடி நின்னு என்னை மாதிரி பழிப்புக் காட்டுங்க" என்றேன். பாவம், பயந்துவிட்டான். "வேலை போயிடும் மேடம்" என்றான். "நல்லா செஞ்சாத்தான் வாங்குவேன்" என்றேன். அப்புறம் பார்க்க வேண்டுமே! மூக்கைக் கட்டைவிரலால் மேலே தள்ளி, கன்னத்தை உப்பி, நான் பேரம் பேசுகிற மாதிரியே கையை ஆட்டினான். கிளாஸியில் துல்லியமாகத் தெரிந்தது. நான் அப்படித்தான் இருக்கிறேன் போலிருக்கிறது. கோபம் வரவில்லை, அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. நீங்கள் எப்படி இரண்டு வருடம் உட்கார்ந்தீர்கள் என்று கொஞ்சம் புரிந்தது.

பிறகு மேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவன் நீலச் சட்டை ஒரு கறை மாதிரி அசைந்தது, அவ்வளவுதான். பின்னால் ஒருத்தன் என்னைப் பழித்துக்கொண்டிருக்கிறான், என்ன செய்கிறான் என்று தெரியவில்லை. முதுகு கூசியது. துணியால் துடைக்க அங்கே முகமும் இல்லை. பொறுக்க முடியாமல் திரும்பிவிட்டேன். கட்டைவிரல் மூக்கில் இருந்தபடியே அவன் உறைந்து நின்றான். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

மேட்தான் வாங்கியிருக்கிறேன்.

படுதாவும் மாட்டியாகிவிட்டது. நான் சொன்னபடியே முதல் நாளே இரண்டு பேர் கடை மூடியிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் போனார்கள். அந்தப் பாவம் உங்களைச் சேரட்டும். பச்சைக் கண்ணாடி நிபுணரையும் அனுப்பிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒப்பந்தக்காரர் மனைவி நேற்று வந்தாள். மாவு மில் ஆல்பத்தை மேசை மேல் போட்டு, "அந்தக் கோணவாய்க்காரியையே கூப்பிட்டுச் செய்யச் சொல்லு" என்றாள். நான் சொன்ன பதிலை எழுதினால் அண்ணன் காகிதத்தைக்கூடச் சுமக்க மாட்டான். தெருவில் ஆள் கூடிவிட்டது. படங்களை எல்லாம் வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டாள். ஊரெல்லாம் சொல்லுவாள், கடைக்கு நஷ்டம்தான். உங்களுக்காகச் செய்தேன் என்று குளிர்ந்துபோக வேண்டாம். உங்களைப் பழித்துக் காட்டுகிற உரிமை குடும்பத்துக்குள் இருக்க வேண்டும், கண்டவளுக்கும் கொடுக்க முடியாது.

முதல் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. பலகை அங்கேயேதான் தொங்குகிறது.

நாத்தனார்


மே 28

பொடிசுக்கு,

இன்று காலை அந்தப் பெரிய ஸ்டுடியோவுக்குப் போய் என் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. மேட் திரையில் தூசிகூட விழவில்லை. நாற்காலி விரலால் தொட்டால் சுழல்கிறது. ஒரு சுற்றுச் சுழன்று பார்த்தேன். பின்னால் சாம்பல் சுவர் இருந்தது. இன்னொரு சுற்றும் சுழன்றேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணனோடு வருகிறேன். உன்னை மன்னிக்க வரவில்லை, பலகையைக் கழற்ற வருகிறேன். ஆணி ஆழமாக அடித்தது, சுவர் பெயரும். பெயர்ந்தால் பெயரட்டும். "பின்" படத்தைக் கிழித்துவிடலாம். "முன்" படத்தைத் தொடாதே. அதில் நான் ஒன்றும் செய்யவில்லை, உன் மூக்கு அப்படியே இருக்கிறது. அது எனக்கு வேண்டும்.

நாற்காலியின் திருகுக்கு எண்ணெய் போட்டு வை, தாராளமாகப் போடு. நீ மறுபடி பழிப்புக் காட்டினால் நான் திரும்புகிற வேகத்துக்கு அது தாங்க வேண்டும்.

அண்ணி